வெள்ளிக்கிழமை வில்லைகள்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையில், என் பழைய அரைப்புப் பிரிவுக்கு இப்போது அவள்தான் இன்ஜினியர். மலாக்காவில், பாயா ரும்புட்டில் என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நடந்து வந்தே கேட்டிருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாலு தெருவுக்கும் போன்தான்.

“ஆன்ட்டி, வில்லை ஒட்டுற மெழுகு போகப் போகுதுலா,” என்றாள். “இனிமே புதுப் பசை. வெதுவெதுன்னு தண்ணியில போட்டா தானா விட்டுடும். ஹாட் பிளேட்டே வேணாம். எஸ்.ஓ.பி.ய மாத்தி எழுதிக்கிட்டு இருக்கேன். அதுல பதினேழாவது படி எதுக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. உங்களக் கேட்டா தெரியும்னு சொன்னாங்க.”

எங்கள் வேலைமுறைத் தாளின் பதினேழாவது படியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ‘சூடான தட்டை மரப்பலகையின் மேல் மட்டும் வைக்கவும். துணியால் மூடவும். தானாக ஆறும்வரை யாரும் தொடக்கூடாது.’

“அந்தப் படி என்னாலதான் வந்துச்சு,” என்று ஆரம்பித்தேன்.

“ஆன்ட்டி, ஆன்ட்டி, எழுதிக் கொடுங்க. நீங்க பேச ஆரம்பிச்சா என் மீட்டிங் போயிடும்.”

வாயாடி என்று பெயர் எடுத்தால் இதுதான் கதி. சரி, எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மெழுகு போவதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. நகக்கண்ணில் மெழுகோடு முப்பது வருடம் சோறு பிசைந்திருக்கிறேன். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்.

என் பெயர் பிலோமினா. தொழிற்சாலையில் எல்லோருக்கும் மினா. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். பத்தொன்பது வயதில் தொழிற்சாலை பஸ் ஏறினேன். முதல் வருடம் கண்ணாடி கழுவினேன், இரண்டாம் வருடம் ஒட்டினேன், மூன்றாம் வருடம் அரைக்க விட்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய உடைத்தேன்.

வேலை என்னவென்றால், மருத்துவக் கருவிகளுக்குள் பொருத்தும் கண்ணாடி வில்லைகள். இருபது காசு நாணயத்தின் அகலம்தான் இருக்கும். பன்னிரண்டு வில்லைகளை ஓர் இரும்புத் தட்டில் மெழுகால் ஒட்டி, வைரத்தூள் பதித்த சக்கரத்தில் அரைத்து, பிறகு பாலிஷ் போட வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் தட்டை ஹாட் பிளேட்டில் வைத்து, மெழுகை இளக்கி, வில்லைகளைப் புரட்டி ஒட்டி, ஆறவிட்டு, மறுபக்கம் அரைக்க வேண்டும். கேட்பதற்குத் தோசை சுடுவது மாதிரி இருக்கும். செய்து பார்த்தால் தெரியும்.

கண்ணாடியோடு உள்ள தொல்லை, அது உள்ளுக்குள் உடையும். முரட்டுச் சக்கரம் பட்ட இடத்தில் மேலே கீறல் தெரியும். அந்தக் கீறலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இறங்கியிருக்கும். மேலே மட்டும் பாலிஷ் போட்டுவிட்டால் வில்லை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும். ஆனால் அடியில் விரிசல் அப்படியே கிடந்து, வாங்கியவன் கருவியில் பொருத்தி முறுக்கும்போது பிளந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு சக்கரமும் தனக்கு முந்திய சக்கரம் உள்ளே செய்த சேதம் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது தன் பங்குக்குப் புதிதாகச் சேதம் செய்யவும் கூடாது.

இதையெல்லாம் எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் பிரிவுத் தலைவர் மிஸ்டர் லிம். மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். கடையில் வளர்ந்ததால் லிம் பேசும் தமிழ் சுத்தமான தோட்டத்துத் தமிழ். காலையில் என்னைப் பார்த்தவுடன், “பசியாறிட்டியா?” என்பார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மெஷின் பக்கத்தில் உட்காருவார். கழுத்தில் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். சக்கரத்தில் பாயும் தண்ணீரை விரலால் தொட்டு முகர்ந்து பார்ப்பார். வில்லையை நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

புதிதாக நுண் அரைப்பு மெஷின் வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது, அதை அவர் எனக்கு விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது.

“மினா, கண்ணாடிய முரட்டுத்தனமா வெட்டுனா உடையும். ஆனா ரொம்ப ரொம்பக் கொஞ்சமா, முடிய விடக் கொஞ்சமா எடுத்துப் பாரு. அப்போ அதுக்கு உடையணும்னே தோணாது. சவுக்காரம் சீவுற மாதிரி வழுக்கிக்கிட்டு வரும். விரிசலே இருக்காது.”

“கண்ணாடிக்கு எப்படித் தெரியும் மிஸ்டர் லிம், கொஞ்சமா எடுக்கிறோமா நிறைய எடுக்கிறோமான்னு?”

“உனக்குத் தெரியாதா, ஒருத்தன் உன்னத் தொடுறானா தள்ளுறானான்னு?”

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எது உடைந்தாலும் ‘யார்’ என்று கேட்கவே மாட்டார். எங்கே உடைந்தது, எப்போது உடைந்தது என்று மட்டும் கேட்பார். நான் முதன்முதலாக ஒரு தட்டு முழுவதையும் நொறுக்கியபோது, அரை மணி நேரம் யோசித்துத் தயாராக வைத்திருந்த பொய் அதனால் வீணாய்ப் போயிற்று.

இப்போது ஹம்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உம்பாய் என்ற கடற்கரை ஊரில் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. என் வயதுதான். எனக்கு அடுத்த மெஷின். நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டே முக்காலுக்கு அவர் மசூதிக்குக் கிளம்பினால் இரண்டரைக்குத்தான் திரும்புவார். அதுவரை அவருடைய மெஷினையும் நான்தான் பார்த்துக்கொள்வேன். எனக்குக் கோயிலில் பூசை, திருநாள் என்று ஏதாவது இருந்தால் அவர் என்னுடையதைப் பார்த்துக்கொள்வார். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. பத்து வருடம் அப்படித்தான் ஓடியது.

வெள்ளிக்கிழமையில் ஹம்சாவுக்கு ஒரு சிக்கல். கிளம்பும் முன் வில்லைகளைப் புரட்டி ஒட்டி ஹாட் பிளேட்டிலேயே விட்டுப் போவார். மெழுகு சீராகப் பரவ இன்னும் கால் மணி சூடு வேண்டும், அதனால் ஒரு மணிக்கு நான் அதை அணைப்பேன். அடுப்பின் மூடிக்குள் தட்டு மெதுவாக ஆறும். அவர் வரும்போது தட்டு இன்னும் சுடும். நாலு மணி வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அன்றைய எண்ணிக்கையில் எப்போதும் கடைசி. மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஒரு வருடம் எங்கள் பிரிவில் புது ஏர்கோன் போட்டார்கள். அளவு பார்ப்பதற்குப் பெரிய கருங்கல் மேசை ஒன்றும் வந்தது. ஏர்கோன் காற்று நேராக அந்த மேசை மேல் விழும். கை வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கும். எனக்குத்தான் மூளை வேலை செய்யுமே! வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஹம்சாவின் தட்டை இடுக்கியால் எடுத்துக் கருங்கல் மேல் வைத்தேன். அரை மணியில் ஆறிவிட்டது. அவருடைய மெஷின் பக்கத்து அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். அவர் வந்தார், தொட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்தது. உடனே வேலையை ஆரம்பித்தார். நான் சீக்கிரமே அடுப்பை அணைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் சொல்லவில்லை. உதவி செய்துவிட்டுச் சொல்லிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. எட்டு மாதம் இப்படிச் செய்தேன்.

தட்டைக் கல்லில் வைக்கும்போது டிக் டிக்கென்று மெல்லிய சத்தம் கேட்கும். மெழுகு இறுகுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம்தான் வில்லைகள் திரும்பி வர ஆரம்பித்தன. கருவியில் பொருத்தும்போது ஓரத்திலிருந்து பிளக்கின்றன என்று வாடிக்கையாளர் புகார். பெட்டி எண்களைப் பார்த்தால் எல்லாம் ஹம்சாவின் மெஷினில் அரைத்தவை. தரப் பிரிவு அதிகாரி ஒருவர், டை கட்டியவர், எங்களை எல்லாம் கூட்டி வைத்துப் பேசினார்.

“தேதியப் பாருங்க. அத்தனையும் வெள்ளிக்கிழமை. இது ஃப்ரைடே ரஷ். தொழுகைக்கு ஓடுற அவசரத்துல சக்கரத்த வேகமா இறக்கியிருக்காரு.”

ஹம்சா எழுந்து நின்றார். கத்தவில்லை. “தொழுகைக்குப் போற நாள்ல நான் ஏமாத்து வேலை செய்வேன்னு சொல்றீங்களா?” என்று மட்டும் கேட்டார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. அதிகாரி அடுத்த திங்கட்கிழமை முடிவு செய்வதாகவும், அதுவரை ஹம்சா அரைக்கலாம் ஆனால் ஒரு வில்லைகூட வெளியே போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். பெட்டி கட்டும் பிரிவுக்கு அவரை மாற்றப் போவதாகப் பேச்சு அடிபட்டது.

இதில் இன்னொன்றும் இருந்தது. நுண் அரைப்பு மெஷினைக் கற்றுக்கொள்ள ஜப்பானுக்கு அனுப்ப ஒரே ஓர் இடம். ஹம்சா அல்லது நான். ஹம்சா பெட்டி கட்டப் போனால் இடம் எனக்கு.

மறுநாள் வியாழக்கிழமை. லிம் எட்டு மாதத்து வெள்ளிக்கிழமைத் தேதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பெட்டி திரும்பி வந்த தேதிகளைப் பென்சிலால் வட்டமிட்டார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் தேநீர் கொண்டுபோனேன்.

“இங்க பாரு,” என்றார். “எட்டு மாசத்து வெள்ளிக்கிழமை எல்லாம் கெட்டுப் போச்சு. இந்த ஒரு வெள்ளி மட்டும் ஒண்ணுகூட திரும்பி வரல. ஹம்சா அன்னிக்கும் தொழுகைக்குப் போயிருக்கான். அன்னிக்கு மட்டும் என்ன வித்தியாசம்?”

தேதியைப் பார்த்தேன். பெரிய வெள்ளி, ஏசு சிலுவையில் அறையப்பட்ட நாள். அன்று நான் முழுநாள் விடுப்பு. தோட்டத்துச் சிற்றாலயத்தில் சிலுவைப் பாதை வழிபாட்டில் பாடுவது நான்தான்.

அன்று வித்தியாசம் என்னவென்றால், நான் இல்லை.

கையில் இருந்த தேநீர் தளும்பி என் காலில் கொட்டியது. கருங்கல், ஏர்கோன், டிக் டிக் சத்தம், எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது: டிக் டிக்கென்றது மெழுகு இல்லை, சூட்டோடு குளிர்ந்த கல்லில் பட்ட கண்ணாடி. “தெரியலயே மிஸ்டர் லிம்,” என்று சொல்லிவிட்டுத் தரை துடைக்கத் துணி எடுக்கப் போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஹம்சா தலையைக் குனிந்தபடி மசூதிக்குக் கிளம்பினார். “மினா, பார்த்துக்க,” என்று வழக்கம்போலச் சொன்னார். அவர் போனதும் நான் அந்தத் தட்டுப் பக்கமே போகவில்லை. அடுப்பை மட்டும் அணைத்தேன். திரும்பி வந்தவர் தட்டைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு. நீயும் என்னைக் கைவிட்டுவிட்டாயா என்பது போல ஒரு பார்வை. எனக்கு ஜப்பான் வேண்டும் என்று ஆசைதான். தோட்டத்து வீட்டில் பிறந்தவள் நான், என் அம்மா மலாக்கா தாண்டிப் போனதில்லை. அந்த ஆசை ஒரு பக்கம் இழுத்தது, இந்தப் பார்வை இன்னொரு பக்கம் இழுத்தது. சனிக்கிழமை முழுவதும் யாரோடும் பேசாமல் இருந்தேன். என் கணவர் பயந்துபோய், “உடம்பு சரியில்லயா, டாக்டரப் பார்க்கலாமா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகத் தெங்கேராவுக்குப் போனேன். லிம்மின் பழைய வீடு அங்கேதான். வாசலில் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“பசியாறிட்டியா?”

“மிஸ்டர் லிம், அந்த வில்லையெல்லாம்...”

கையை உயர்த்தி நிறுத்தினார். “எங்கேன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போன்னு?”

“தெரியும்.”

“அப்போ எங்கிட்டச் சொல்லாத. நாளைக்கு ஹாட் பிளேட்டுகிட்ட செஞ்சு காட்டு. எல்லாரும் பார்க்கட்டும். வாயால சொன்னா ஒருத்தன் நம்புவான், ஒருத்தன் நம்ப மாட்டான். கண்ணாடிய நம்பித்தான் ஆகணும்.” அதற்குப் பிறகு எனக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு, தொட்டிகளுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை. லிம், டை கட்டிய அதிகாரி, ஹம்சா, எங்கள் பிரிவு ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். ஒரே பெட்டியில் வந்த கண்ணாடி, ஒரே சக்கரத்தில் நானே அரைத்தது, இரண்டு தட்டு. இரண்டையும் ஒரு மணி நேரம் சூடாக்கினேன். பெட்டிச் சட்டத்திலிருந்து கழற்றிய ஒரு மரப்பலகையை லிம் கொண்டு வந்திருந்தார்; பாதியை அவரே ஊகித்திருந்தார் போல. ஒரு தட்டை அந்தப் பலகை மேல் வைத்துத் துண்டால் மூடினேன். இன்னொன்றை இடுக்கியால் எடுத்துக் கருங்கல் மேல் வைத்தேன்.

டிக். டிக். டிக்.

லிம் குனிந்து காதை வைத்துக் கேட்டார். இரண்டும் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு அவர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடி அறைக்குள் இருந்த அமிலத் தொட்டியில் இரண்டு தட்டு வில்லைகளையும் தனித்தனியாக முக்கினார். அமிலம் மேல் தோலைத் தின்றால் அடியில் உள்ளது வெளியே வரும். கழுவித் துடைத்து, தன் கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி முதலில் ஹம்சாவிடம்தான் கொடுத்தார்.

பலகையில் ஆறிய பன்னிரண்டும் சுத்தம். கல்லில் வைத்ததில் ஏழு வில்லைகளில் ஓரத்திலிருந்து உள்நோக்கி முடி மாதிரி கோடுகள்.

“எட்டு மாசமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இதத்தான் செஞ்சேன்,” என்றேன். “ஹம்சா வந்ததும் வேலைய ஆரம்பிக்கட்டும்னு செஞ்சேன். அவருக்குத் தெரியாது. பெரிய வெள்ளி அன்னிக்கு நான் இல்ல. அதான் அன்னிக்கு மட்டும் நல்லா இருந்துச்சு.”

அதிகாரி தன் டையைச் சரி செய்துகொண்டார். அவர் ஹம்சாவிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். லிம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார், நகரவில்லை. கடைசியில் அதிகாரி மன்னிப்புக் கேட்டார்.

ஹம்சா பூதக்கண்ணாடியை இறக்கினார். “எப்போ தெரிஞ்சுச்சு உனக்கு?”

“வியாழக்கிழமை.”

“நாலு நாள்,” என்றார். “கல்லுல வெச்சது பரவால்ல மினா. அது நல்லதுக்குச் செஞ்சது. நாலு நாள் என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருந்தியே.”

கோடு விழுந்த ஏழு வில்லைகளையும் நான் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

ஜப்பானுக்கு ஹம்சா போனார். அது சரியான முடிவு என்று எனக்கே தெரியும், இருந்தாலும் கழிப்பறையில் போய் அழுதேன். லிம் அந்த மரப்பலகையைச் செதுக்கி, ஹாட் பிளேட் பக்கத்தில் நான்கு ஆணி அடித்துப் பொருத்தினார். பதினேழாவது படியை எழுதினார். அவர் தமிழில் பலகை, பலகை என்றே சொன்னதால் மலாய்ப் பிள்ளைகளும் அப்படியே பிடித்துக்கொண்டு, அதற்கு ‘பலகை மினா’ என்று பெயர் வைத்தார்கள். என் தப்புக்கு என் பெயரையே வைத்து ஆணியும் அடித்தாயிற்று.

ஹம்சா ஜப்பானிலிருந்து வந்தார். என்னோடு பேசினார், வேலை விஷயம் மட்டும். வெள்ளிக்கிழமைகளில் கிளம்பும் முன் ஹாட் பிளேட்டைத் தானே அணைத்துவிட்டு, தட்டைக் காலியாக வைத்துவிட்டுப் போவார். “பார்த்துக்க” என்ற சொல் நின்றுபோயிற்று. பல மாதங்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அடுப்பு சில்லென்று கிடந்தது. எண்ணிக்கையில் மறுபடி கடைசி. மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். நான் செய்யவில்லை.

அடுத்த பெரிய வெள்ளி வந்தது. வேலை குவிந்து கிடந்ததால் யாருக்கும் விடுப்பு இல்லை. மூன்று மணி வழிபாட்டுக்கு நான் இரண்டு மணிக்கே கிளம்பினால்தான் உண்டு. ஹம்சா வர இரண்டரை ஆகும். அவரிடம் கேட்கவும் எனக்கு முகம் இல்லை. மனத்துக்குள் செபம் சொல்லிக்கொள்ளலாம் என்று மெஷினில் நின்றேன். இரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. ஹம்சா, தலையில் சொங்கோக் தொப்பியோடு, சட்டை வியர்வையில் நனைந்து நின்றார். மசூதியிலிருந்து மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

“இன்னும் நிக்கிறே? நேரமாச்சு, போ,” என்றார். “நான் பார்த்துக்கிறேன்.”

அன்று கோயிலில் பாட்டு வரவில்லை எனக்கு. அழுகைதான் வந்தது. துக்க நாள் என்பதால் யாரும் தப்பாக நினைக்கவில்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அவருடைய மெஷின் பக்கம் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே பன்னிரண்டு வில்லைகளோடு தட்டு. மணியைப் பார்த்து எடுத்தேன், பலகையில் வைத்தேன், துணியால் மூடினேன். இரண்டரை வரை காவல் நாய் மாதிரி பக்கத்திலேயே நின்றேன். மறு வருடம் நானும் ஜப்பான் போனேன். என் மெஷினைப் பார்த்துக்கொண்டது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

கவிதா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். பதினேழாவது படியை நீ தாராளமாக எடுத்துவிடலாம். புதுப் பசைக்கு அது தேவையில்லை. ஒன்று மட்டும். உன் பிரிவில் ஏதாவது உடைந்தால் எங்கே, எப்போது என்று கேள். மற்றது தானாக வரும். சிலருக்கு நாலு நாள் ஆகும், பொறுத்துக்கொள்.

இதை எழுதி முடித்து அனுப்பப் போகும் நேரத்தில் கவிதா மறுபடி போன் செய்தாள். “ஆன்ட்டி, அந்தப் பலகைய ஞாபகத்துக்கு உங்ககிட்டக் கொடுக்கலாம்னு கழட்டச் சொன்னேன். அதுக்குள்ள ஹம்சா அங்கிள் வந்து தூக்கிட்டுப் போயிட்டாருலா.”

போன வெள்ளிக்கிழமை உம்பாய்க்குப் போனேன். ஹம்சா ஓய்வு பெற்ற பிறகு அங்கே மீன் சுட்டு விற்கிறார். கடலைப் பார்த்த கடை. அடுப்புப் பக்கத்தில் பலகை கிடந்தது, என் மெழுகுக் கறைகளோடு. அதன் மேல் ஒரு சூடான சட்டி.

“திருட்டுச் சொத்து,” என்றேன்.

“உன் பேர் போட்டிருக்கா அதுல?” என்றார். பிறகு மணியைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். அடுப்பில் வாழையிலையில் சுற்றிய இரண்டு பெரிய மீன்கள் பாதி வெந்திருந்தன. அணைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அணைக்கவில்லை. சொங்கோக்கை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, இடுக்கியை என் கையில் கொடுத்தார்.

“பார்த்துக்க மினா. இது மீன்தான், பயப்படாமத் தொடலாம்.”

மோட்டார் சத்தம் சாலைத் திருப்பத்தில் மறையும்வரை காத்திருந்து, மீனைப் புரட்டிப் போட்டேன்.